தெய்வானை குடிக்காத தேத்தண்ணி

என் காற்சட்டையின் ஒரு காலைத் தைத்து முடித்ததும் ஸ்ரெல்லா மெஷினை நிறுத்திவிட்டார். வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துக் கொலரில் குத்தினார். "பொறுங்கோ அண்ணை, தெய்வானை என்னவோ சொல்லுறா" என்று போனை எடுத்தார்.

தெய்வானை, பாதியில் நின்றுபோன ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் வந்த மாமியார். நாடகக்காரர் கைவிட்ட கதையை அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் தையற்கடை வைத்திருக்கும் ஸ்ரெல்லா தொடர்ந்து எழுதி, சனிக்கிழமைகளில் வட்ஸ்அப் குழுவில் போடுகிறார். என் மனைவியும் அந்தக் குழுவில் இருக்கிறாள்; என் வீட்டில் சனிக்கிழமை சோறு பிந்துவது அதனால்தான்.

ஆள் ஒல்லி, வாய் பெரிது. அளவெடுக்கும்போதே ஆளையும் எடைபோட்டுவிடுவார். "உவர் வயித்தை எக்கிப் பிடிக்கிற ஆள், ஒரு இஞ்சு விட்டுத் தைக்கவேணும்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர். கதையிலும் அந்தக் கண்தான். தெய்வானை, தேவாலயத்துக்குப் போகிற வேதக்கார மருமகள் கையால் பச்சைத்தண்ணீரும் வாங்காத சைவக்காரி. ஸ்ரெல்லாவும் வேதக்காரிதான், ஆனாலும் மாமியை ஒருநாளும் கேலி செய்து எழுதியதில்லை.

மாமி சமைக்கிறா, முணுமுணுக்கிறா, கதை நகரவில்லை என்று சனம் முறைப்பட்டது. பண்டத்தரிப்பில் உதயகலா என்பவர் அதே நாடகத்தைக் கடத்தலும் விபத்துமாக எழுத, குழுவில் பாதி அங்கே போய்விட்டது. பயந்துபோன ஸ்ரெல்லா, போன சனி மாமியை மருமகள் கையால் தேத்தண்ணி குடிக்கவைத்துச் சமாதானமாக்கினார். கதை ஓடியதுதான். என் மனைவியோ போனைக் கவிழ்த்துவைத்து, "உது தெய்வானை இல்லை" என்றாள். குழுவிலும் அதே பேச்சு. ஸ்ரெல்லா அந்தப் பகுதியையே அழித்துவிட்டார். இன்றும் சனிக்கிழமை; பின்னேரத்துக்குள் வேறு போடாவிட்டால் மிச்சப் பேரும் பண்டத்தரிப்புக்குத்தான்.

"மாமியை லொறியாலை அடிச்சுவிடச் சொல்லுதுகள் சிலதுகள்," என்றார். "லொறி ஆரையும் அடிக்கும். அதுக்குத் தெய்வானை என்னத்துக்கு? அவ செய்யிறதாலை கதை நடக்கவேணும் அண்ணை."

மாமி தேத்தண்ணி குடிக்காவிட்டால் கதை எப்படி நகரும் என்று கேட்டேன். பின்னேரம் எனக்குக் கலியாண வீடு. மற்றக் கால் தைக்காமல் தொங்குகிறது.

பக்கத்துக் கடையிலிருந்து வந்த தேத்தண்ணி, தையல் மெஷின் ஓரத்தில் ஆவி பறக்க இருந்தது. ஸ்ரெல்லா தெய்வானையாகவே முதுகை நிமிர்த்தினார். தாடையை உயர்த்தி, கோப்பையைப் புறங்கையால் ஒரு விரற்கடை அப்பால் தள்ளினார். ஈ ஒன்று அதைச் சுற்றியது. முகத்தை மறுபக்கம் திருப்பியபடியே, பொத்தான் போட்டுவைத்த தகரப் பேணியின் மூடியை எடுத்துக் கோப்பையை மூடினார். பிறகு போனில் எழுதத் தொடங்கினார்.