குடிக்காமல் வைத்த கோப்பி

ஈராக் படை குவைத்துக்குள் புகுந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன அந்த ஆகஸ்ட் காலையில், லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே போட்டுவிட்டேன். பகலில் கவுன்சில் வேலை, பின்னேரத்தில் மேற்படிப்பு என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு ஆய்வுக் கட்டுரையே குவைத்தைப் பற்றித்தான். எண்ணெய்ப் பணம் வந்த பிறகு அரசு எப்படி மாறியது, கலைக்கப்பட்ட பாராளுமன்றத்தை மக்கள் ஏன் திரும்பக் கேட்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு அங்கே என்ன இடம், இவைதான் என் கேள்விகள். அந்த நாட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு சொந்தக் காரணமும் இருந்தது. என் ஒரே தம்பி அங்கே, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் மெக்கானிக்காக இருந்தான்.

"கண்டறியாத படிப்பு" என்று அதுவரை என் கணவர் பகிடி பண்ணிக்கொண்டிருந்தார். "அரபு நாட்டு அரசியலைப் படிச்சுப்போட்டு நீர் மோர்டனிலை ஆரை ஆளப்போறீர்?" அன்றைக்கு அவர் வாயில் பகிடி வரவில்லை. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

குவைத்துக்கான டெலிபோன் லைன்கள் செத்துவிட்டன. உள்ளதைச் சொன்னால், பயத்தோடு எனக்கு ஒரு பரபரப்பும் இருந்தது. நூலகத்தில் தூசி தட்டிப் படித்ததெல்லாம் டிவியில் ஓடியது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூட எண்ணெய் விலை பற்றிப் பேசினார். நான் விடுவேனா? இறங்க வேண்டிய இடம் தாண்டியும் அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து தம்பியின் படத்தைக் கண்டதும் அவனுடைய நம்பரைத் திரும்பத் திரும்பச் சுழற்றிப் பார்ப்பேன்.

ஒருநாள் என் விரிவுரையாளர் கூப்பிட்டார். கோடை விடுமுறைக்கு லண்டன் வந்து, திரும்பிப் போக நாடில்லாமல் நிற்கும் ஒரு குவைத் பெண்மணி என்னோடு பேசச் சம்மதித்திருக்கிறாராம். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடுகிறவர். "கட்டுரையைப் பற்றி மட்டும் பேசுங்கள். பாவம், எல்லோரும் ஏதாவது உதவி கேட்டுத்தான் அவரிடம் போகிறார்கள்" என்றார். தம்பியைப் பற்றி மூச்சும் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

"ஒரு சொல்லுக் கேட்டால் குறைஞ்சு போவீரோ?" என்று கணவர் கோபப்பட்டார்.

"அந்த மனிசியின்ரை நாடே போயிட்டுது. நான் போய் என்ரை தம்பியைக் கண்டுபிடிச்சுத் தா எண்டு கேக்கிறதே? ஏலாது."

வீம்பு எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம் கூட.

ஹைட் பார்க்குக்குப் பக்கத்தில் அவருடைய ஃபிளாட். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. டெலிபோன் ஓயாமல் அடித்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க அந்தப் பெண்மணி அழுத கண்ணோடுதான் கதவைத் திறந்தார். ஆனால் கதைக்கத் தொடங்கியதும் பாருங்கள், ஆள் நெருப்பு! இருவரும் ஆங்கிலத்தில், ஒருவரை ஒருவர் பேச விடாமல் பேசினோம்.

"எங்கள் நாடு சலுகையால் நடக்கிறது" என்றார். "ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் யாரும் சட்டத்தைத் தேடுவதில்லை. மாமனைத் தேடுகிறார்கள், மச்சானைத் தேடுகிறார்கள். பழைய வழக்கங்களை வைத்துக்கொண்டு புதிய நாடு கட்டினோம். சுவர் நிற்குமா?"

"எங்கள் ஊரிலும் அதே மாமன்தான்" என்றேன். சிரித்துவிட்டார்.

வேலைக்கு வந்தவர்கள் பற்றி எழுதியிருந்த பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அங்கே வேலைக்குப் போகிறவன் கஃபீல் எனப்படும் உள்ளூர்ப் பொறுப்பாளியின் பிடியில் இருக்கிறான். வரவும் போகவும் அவர் சம்மதம் வேண்டும். பாஸ்போர்ட்டைக்கூடப் பெரும்பாலும் அவரே வாங்கி வைத்துக்கொள்வார். வந்தவனுக்குச் சட்டத்தின் கதவு இல்லை, யாரோ ஒருவரின் இரக்கம்தான் உண்டு என்று முடித்திருந்தேன். அதை வேகமாக வாசித்து முடித்துத் தாளை மடித்தேன். தம்பியின் பாஸ்போர்ட்டும் அப்படித்தான் யாரோ ஒருவருடைய அலுமாரிக்குள் கிடந்தது. அது கையில் இல்லாமல் அவன் எந்த எல்லையைத் தாண்டுவான்?

"ஒரு சொல்லும் பிழையில்லை" என்றார் அவர். பிறகு எழுந்து போய்க் கோப்பி கொண்டுவந்தார்.

பிடியில்லாத சின்னக் கிண்ணம். அதில் வெளிர் மஞ்சளாக ஏதோ இருந்தது. ஏலக்காய் மணத்தது. பாலும் இல்லை, சீனியும் இல்லையாம். எங்கள் ஆட்கள் பாலில்லாத கோப்பி கொடுப்பது செத்த வீட்டில்தான். தம்பியிடமிருந்து ஒரு செய்தியும் வராத நேரத்தில் அதை எப்படி வாயில் வைப்பேன்? படித்தவள்தான், வெட்கக்கேடுதான். ஆனால் கை உயரமாட்டேன் என்றது. கிண்ணத்தை மெல்ல மேசையில் வைத்துவிட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. கதையை நிறுத்தினார். தன் கிண்ணத்தையும் கீழே வைத்தார்.

"சொல்லுங்கள், என்ன வேண்டும்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒன்றும் வேண்டாம், குடிக்க முடியவில்லை, அவ்வளவுதான்" என்று உளறினேன்.

அவர் கேட்கவில்லை. "எங்கள் பாட்டனார்களின் வழக்கம் இது. விருந்தாளி கோப்பியைத் தொடாமல் கீழே வைத்தால் அவருக்கு ஒரு தேவை இருக்கிறது என்று அர்த்தம். அதை ஏற்றுக்கொள்ளும்வரை அவரும் குடிக்கமாட்டார், வீட்டுக்காரரும் குடிக்கக் கூடாது. கூடாரங்களில் ஆண்கள் செய்தது. இப்போது என் வீட்டில் நடந்துவிட்டது. சொல்லுங்கள்."

வீம்பெல்லாம் எங்கே போனதோ தெரியாது. தம்பி, அலுமாரியில் கிடந்த பாஸ்போர்ட், அடிக்காத டெலிபோன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஓவென்று அழுதேன். அவரும் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். அவருடைய மைத்துனர் ஜோர்தானின் அம்மான் நகரில் தங்கி, எல்லையைத் தாண்டி வரும் தங்கள் ஆட்களைத் தேடி ஒவ்வொரு நாளும் ஈராக் எல்லையோரப் பாலைவன முகாமுக்குப் போகிறாராம். "அவர் இனி உங்கள் தம்பியையும் தேடுவார். இது நான் ஏற்றுக்கொண்ட கடமை" என்றார். வாசலில் நின்று, "சற்று முன்தான் பழைய வழக்கங்களைத் திட்டினேன்" என்று தலையிலடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம், வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருக்கும்போது டெலிபோன் அடித்தது.

"அக்கா, நான்தான். அம்மானிலை நிக்கிறன்."

வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. ஒரு காலில் சப்பாத்தோடு குதித்தேன். கணவர் ரிசீவரைப் பறிக்கிறார், நான் கொடுக்கவில்லை. "சாப்பிட்டியோ?" என்பதுதான் முதலில் என் வாயில் வந்தது.

"ஓம் அக்கா. பாஸ்போர்ட் இல்லையெண்டு எல்லை முகாமிலை மறிச்சு வைச்சிருந்தவங்கள். ஆரோ ஒரு அரபுக்காரர் கூடாரம் கூடாரமாய் என்ரை முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வந்தவர். அங்கை வேலை செய்த காலத்திலை ஒருத்தரும் என்னை முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாஸ்போர்ட் இல்லாட்டியும் பரவாயில்லை, இவருக்கு நான் பொறுப்பு எண்டு கையெழுத்துப் போட்டு வெளியிலை எடுத்தவர்." பிறகு குரல் இறங்கியது. "என்னோடை நிண்ட பொடியள் இன்னும் அங்கைதான். அவையளிட்டையும் பாஸ்போர்ட் இல்லை."

அந்த ஞாயிறு குவைத் பெண்மணியை வீட்டுக்கு அழைத்தோம். உளுந்து வடையும் பால் விட்ட தேத்தண்ணியும். சந்தோசத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேத்தண்ணியைக் கொடுத்துக்கொண்டே, பெரிய உபகாரம் செய்கிறவள் மாதிரிச் சொன்னேன்: "அந்தக் கஃபீல் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். உங்கள் ஆட்கள் செய்த உதவிக்குப் பிறகு அதை வைத்திருக்க மனம் வரவில்லை."

கோப்பையை உதட்டுவரை கொண்டுபோனவர், குடிக்காமல் மேசையில் வைத்தார்.

இந்த முறை எனக்கு விளங்கியது. "சொல்லுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

"அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு சொல் குறையக் கூடாது." அவர் குரலில் உண்மையான கோபம் இருந்தது. "அந்தக் கூடாரங்களில் கிடக்கிற எத்தனை பேருக்கு லண்டனில் கோப்பி குடிக்க மறுக்கிற அக்கா இருக்கிறாள்?"

சாப்பாட்டு மேசையில் வடைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பேனையை எடுத்து அங்கேயே எழுதத் தொடங்கினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். என் கணவர் ஆறிப்போன கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நீர் எழுதும்" என்றார். "நான் வேறை தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."