வாஷர் மாட்டிய விரலும் மூன்று ரோட்டரி டூலும்

1. டெமோவுக்குப் போனது

ராகவன் சாரின் மோதிர விரலில் ஸ்டீல் வாஷர் மாட்டிக்கொண்டபோது நான் அவருக்கு ரோட்டரி டூல் விற்றுக்கொண்டிருந்தேன். வாஷர் எங்கள் கடையுடையது. விரல் அவருடையது. தப்பு யாருடையது என்பதில் அந்த அபார்ட்மென்டில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு.

கடை கவுன்டரில் புதிதாக நிற்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள்: "செலின் அக்கா, ஹாபி கஸ்டமர் வந்தா எந்த மிஷினைக் காட்டறது?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு பவர் டூல்ஸ் கடையில் இருபது வருஷத்துக்கு மேல் விற்பனையிலும் சர்வீஸிலும் இருக்கிறவள் நான். முன்னெல்லாம் கார்பென்டர், வெல்டர், டைல்ஸ் போடுகிறவர்கள்தான் வருவார்கள். வேண்டியதைச் சொல்வார்கள், வாங்குவார்கள், போவார்கள். ரிட்டயர்டு ஆனவர்கள் வீடியோ பார்த்துவிட்டு வர ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கு நாற்காலி போட வேண்டியதாயிற்று. உட்கார்ந்து பேசுவார்கள். அவர்கள் கேட்டு வருவது பெரும்பாலும் ரோட்டரி டூல். ஒரு வெள்ளரிக்காய் அளவுக்குக் கையில் அடங்குகிற சின்ன மோட்டார். முனையில் கட்டிங் டிஸ்க் போட்டால் அறுக்கும், கல் போட்டால் தேய்க்கும், பொடி பிட் போட்டால் எழுத்து வெட்டும்.

ராகவன் சார் ஸ்ரீரங்கத்தில் ஒரு அபார்ட்மென்டின் செயலாளர். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும், அவர் மனைவி வைஜயந்தி மாமியும், மேல் மாடியில் இருக்கும் மாசிலாமணி மாஸ்டரும் சேர்ந்து, பார்க்கிங்கில் சும்மா கிடந்த ஸ்டோர் ரூமைப் பட்டறை ஆக்கியிருந்தார்கள். மாமி கொட்டாங்குச்சியில் கொலுவுக்குக் குட்டிச் சாமான்கள் செய்வார். மாஸ்டர் லால்குடிப் பக்கம் ஸ்கூலில் பி.டி. மாஸ்டராக இருந்தவர், மரத்தில் பெயர்ப் பலகை செய்ய ஆசை. ராகவன் சார் அதுவரை எதுவும் செய்ததில்லை. தலைமை தாங்கினார்.

மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு மிஷின் வாங்க வேண்டும். எது என்பதில் ஒத்துப்போகவில்லை. "நேர்ல வந்து காட்டுங்கோ" என்று கடைக்கு போன் வந்தது.

எங்கள் முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மூன்று மாடலை என் பையில் எடுத்து வைத்தவர், கிளம்பும்போது சொன்னார்: "செலின், அந்தப் பெரிய பெட்டி செட்டைத் தள்ளிவிட்டுடும்மா. குடோன்ல கால் வைக்க இடமில்ல."

2. ஓட்டெடுப்பு

பெட்டி செட் என்பது முனையில் மாட்டுகிற பிட்டுகளை நூற்றுக்கு மேல் வரிசையாகக் குத்தி வைத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மிஷின் ஓரமாக இருக்கும். பெட்டியைத் திறந்ததும் ராகவன் சார் முகம் மலர்ந்தது.

"பாத்தேளா! இவ்வளவும் கூடவே வரது. ஆர்.பி.எம்மும் இதுலதான் ஜாஸ்தி."

"ஆமா சார். ஆனா சுவிட்சைப் போட்டதும் ஃபுல் ஸ்பீடுல கிளம்பும். பிட்டோட நுனியும் கொஞ்சம் ஆடும், பாருங்க" என்று ஓட்டிக் காட்டினேன். பாய் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் ஆடுவதை ஆடவில்லை என்று எப்படிச் சொல்வது?

"அதெல்லாம் ஓட ஓட சரியாயிடும்" என்றார்.

ஓட ஓட அதிகமாகும் என்று நான் சொல்வதற்குள் மாஸ்டர் இரண்டாவது மிஷினை எடுத்துக்கொண்டார். அது பேட்டரியில் ஓடுவது. "ஒயரே கிடையாது சார். மொட்டை மாடிக்குப் போலாம், தோட்டத்துக்குப் போலாம்." நான் கொண்டுபோன தேக்குத் துண்டில் தன் பெயரை வெட்ட ஆரம்பித்தார். நன்றாகவே வெட்டினார். இனிஷியல், பெயர், பிறகு டிகிரி.

மூன்றாவது, ஒயர் வைத்த சாதாரண மாடல். கூட வருவது கொஞ்சம் பிட்டுகள்தான். ஆனால் ஸ்பீடை மெதுவாக ஏற்றலாம், இறக்கலாம். உள்ளே நல்ல பேரிங், அதனால் நுனி ஆடாது, சத்தமும் சீராக வரும். மாமி அதைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கையில் வைத்திருந்துவிட்டு, "இது கையை உதறல" என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

வாக்குவாதம் சூடுபிடித்தது. ராகவன் சார் நின்றுகொண்டே பேசினார். ஸ்டீலை எப்படி அறுக்கும் என்று காட்டுவதற்காக நான் மேஜையில் வைத்திருந்த தடித்த வாஷரை எடுத்து உருட்டிக்கொண்டே பேசினார். ஜப்பான் என்றார், ஜெர்மனி என்றார், ஒரு வீடியோவில் வெள்ளைக்காரன் ஒருத்தன் சொன்னதைச் சொன்னார். கடைசியில், "சரி, ஓட்டுக்கு விட்டுடுவோம். பெட்டி செட்டுக்கு ஆதரவானவா கை தூக்குங்கோ" என்று தானே கையைத் தூக்கினார்.

தூக்கிய கையின் மோதிர விரலில் வாஷர் இருந்தது.

"என்னன்னா அது?" என்றார் மாமி.

சார் அண்ணாந்து பார்த்தார். "ஒண்ணுமில்ல" என்று இழுத்தார். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். விரல் முட்டியைத் தாண்டி உள்ளே போயிருந்தது, வெளியே வர மறுத்தது.

3. வாஷர்

முதலில் சோப்பு. பிறகு தேங்காய் எண்ணெய். மாமி ஓடிப்போய் நெய் கொண்டுவந்தார். நூல் சுற்றி இழுக்கும் வித்தையையும் செய்தோம். மாஸ்டர் சாரின் பின்னால் நின்றுகொண்டு, "மூச்சை உள்ள இழுங்க... விடுங்க... தோளை லூஸ் பண்ணுங்க..." என்று பி.டி. பீரியட் நடத்தினார். இழுக்க இழுக்க விரல் வீங்கியது. கொஞ்ச நேரத்தில் நுனி கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துவிட்டது. அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த நான் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் சார்" என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கோயிலில் சாமி புறப்பாடு. வாசலில் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. சைக்கிள்கூட நகராது. ஃபயர் சர்வீஸைக் கூப்பிடலாம் என்றார் மாஸ்டர். ராகவன் சார் பதறிவிட்டார். "ஃபயர் இன்ஜின் இந்தத் தெருவுல வந்து நின்னா, அப்புறம் நான் ஜெனரல் பாடியில எந்த முகத்தோட உட்காருவேன்?"

மாமி குடும்ப டாக்டருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். டாக்டரம்மா விரலில் உணர்ச்சி இருக்கிறதா, நிறம் எப்படி என்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுக்கு மருந்து கிடையாது. அறுக்கணும்."

சார் நாற்காலியில் சரிந்தார்.

"வாஷரைச் சொன்னேன். நாங்களும் இங்க சின்ன கட்டர் வச்சு அதைத்தான் பண்ணுவோம். அங்க பழக்கமுள்ளவங்க யாராவது இருந்தா மெதுவா பண்ணுங்க, சூடாக விடாதீங்க. சந்தேகமா இருந்தா நிறுத்திட்டு, எப்படியாவது இங்க வந்துடுங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாய்க்கு போன் செய்தேன்.

"பாய், கஸ்டமர் விரல்ல வாஷர் மாட்டிக்கிச்சு."

"யா அல்லாஹ்! நம்ம வாஷரா?"

"நம்மளதுதான்."

"மிஷினால ஆனதா?"

"இல்ல பாய், மிஷினைப் பத்திப் பேசினதால ஆனது."

"நீ வெல்டர் சங்கரனுக்கு மோதிரம் அறுத்து எடுத்தியேம்மா. அதே மாதிரி பண்ணு. பயந்துக்கிட்டே பண்ணு. பயம் போச்சுன்னா நிறுத்திடு."

அறுப்பதற்கு எங்கள் முன்னால் மூன்று மிஷின்கள் இருந்தன. நான் பெட்டி செட்டை எடுத்து டிஸ்க்கை மாட்டி, முன்போலவே சுவிட்சைப் போட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, கைக்கு அருகில் இருந்தது அதுதான். சர்ரென்று ஃபுல் ஸ்பீடில் கிளம்பியது.

"ஆடறது!" என்று அலறினார் ராகவன் சார். "நுனி ஆடறதும்மா! அதைத் தள்ளி வை! ரூமை விட்டே வெளியில வை!"

"ஓட ஓட சரியாயிடும்னேளே" என்றார் மாமி.

"வைஜயந்தி, இதுவா நேரம்?"

பேட்டரி மிஷினைக் காட்டினேன். "பாதியில நின்னா என்ன ஆறது?" என்றார். பிறகு மூன்றாவதை எடுத்து, மிகக் குறைந்த ஸ்பீடில் வைத்து, அவர் காதருகே கொண்டுபோனேன். கண்ணை மூடிக் கேட்டார். டிஸ்க்கைப் பக்கவாட்டில் உற்றுப் பார்த்தார். சுவிட்சை நிறுத்தச் சொன்னார், போடச் சொன்னார், மறுபடி நிறுத்தச் சொன்னார். ஒரு மணி நேரமாக நான் சொல்லிக்கொண்டிருந்த எல்லாச் சோதனையையும் ஒரு நிமிஷத்தில் அவரே செய்து முடித்துவிட்டார்.

"இது" என்றார்.

4. மின்வெட்டு

என் சர்வீஸ் பையில் ஃபீலர் கேஜ் இருந்தது. இடைவெளி அளக்கிற காகிதம் போன்ற ஸ்டீல் தகடுகள். அதில் ஒன்றை வாஷருக்கும் விரலுக்கும் நடுவே மெல்ல நுழைத்தேன். டிஸ்க் வழுக்கினாலும் தகட்டில்தான் படும். கண்ணில் பொறி படாமலிருக்க சாருக்கு ஒரு கண்ணாடி, எனக்கு ஒன்று. ஈரத் துணியால் அவர் கையைச் சுற்றினேன். கொஞ்சம் அறுப்பேன், மிஷினைத் தள்ளி வைப்பேன், மாமி தண்ணீர் விடுவார். அதற்கு அவர் எடுத்து வந்தது பூஜை அறையின் பஞ்சபாத்திரமும் உத்தரணிக் கரண்டியும். சொட்டுச் சொட்டாக விடுவதற்கு அதைவிட நல்ல கருவி எங்கள் கடையில் இல்லை.

பொறி பறந்தது. சார் "ரங்கா, ரங்கா" என்று முணுமுணுத்தார். மாஸ்டர் பக்கத்தில் நின்று "ஒன், டூ" எண்ண ஆரம்பித்தார். "சார், தயவுசெஞ்சு எண்ணாதீங்க, என் கை அந்தத் தாளத்துக்குப் போகுது" என்றேன்.

ஒரு பக்கம் அறுந்தது. தகட்டில் டிஸ்க் தொட்ட சத்தம் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் ஸ்டீல் வாஷர் ஒரு வெட்டில் விரியாது. எதிர்ப் பக்கமும் அறுக்க வேண்டும். கையைத் திருப்பி வைத்து, தகட்டை மாற்றி நுழைத்து, சுவிட்சைப் போட்டேன்.

கரண்ட் போய்விட்டது.

பார்க்கிங் முழுவதும் இருட்டு. ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டும்தான்; அப்படித் தீர்மானம் போட்டவர் செயலாளர் ராகவன் சார். மாமி அதைச் சொல்ல வாயெடுத்து, விரலைப் பார்த்து விட்டுவிட்டார்.

மாஸ்டர் முகம் மட்டும் செல்போன் டார்ச் வெளிச்சத்தில் பிரகாசமாக இருந்தது. "நான் அப்பவே சொன்னேன், ஒயர் கூடாதுன்னு" என்று பேட்டரி மிஷினை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். சார்ஜ் காட்டும் விளக்குகளில் ஒன்றுதான் எரிந்தது, அதுவும் மினுக்கிக்கொண்டு.

"என்னம்மா?"

"சார்ஜ் தீரப் போகுது சார். மாஸ்டர் ரொம்ப நேரம் எழுதினாருல்ல."

ராகவன் சார் டார்ச்சை வாங்கி மேஜை மேலிருந்த தேக்குத் துண்டில் அடித்தார். 'ஆ. மாசிலாமணி, பி.ஏ., பி.பி.எட்.' என்று அழகாக இருந்தது.

"பி.ஏ.வோட நிறுத்தியிருக்கப்படாதா ஓய்!" என்று கத்தினார். "பி.பி.எட் எதுக்கு?"

"படிச்சிருக்கேனே சார்" என்றார் மாஸ்டர் பாவமாக.

டிஸ்க்கை மாற்றி, இருக்கிற சார்ஜில் அறுக்க ஆரம்பித்தேன். மாஸ்டர் டார்ச் பிடித்தார். இந்த முறை எண்ணவில்லை, மூச்சுகூட விடவில்லை. மிஷின் குரல் மெல்ல மெல்ல இறங்கி, ஒரு பெருமூச்சு மாதிரி விட்டு நின்றது. குனிந்து பார்த்தேன். ஒரு நூல் அளவுதான் பாக்கி.

"தள்ளிக்கோம்மா" என்றார் மாமி. பட்டறைச் சுவரிலிருந்து இரண்டு பிளையரை எடுத்தார். நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவர் ஒரு பக்கம் பிடித்தார். எதிரும் புதிருமாக முறுக்கினோம். 'டக்' என்று இரண்டு துண்டாக விழுந்தது.

ராகவன் சார் விரலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். விரல் சிவக்கும்வரை மாமி அதைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் திட்டாத திட்டையெல்லாம் அப்போது திட்டினார். மறுநாள் டாக்டரிடம் காட்டினார்கள். ஒன்றுமில்லை, ஒரு சிராய்ப்புதான்.

5. பிறகு

ஒயர் மாடலை வாங்கிக்கொண்டார்கள். ஓட்டெடுப்பு இல்லை. மாஸ்டர் தன் சொந்தச் செலவில் பேட்டரி மாடலை வாங்கினார், இரண்டு பேட்டரியோடு.

பாய் என்னைத் திட்டவில்லை. "பெட்டி செட் போகலையா?" என்று மட்டும் கேட்டார்.

தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ராகவன் சார் வாரத்தில் இரண்டு நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தார். நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். யாராவது பெட்டி செட்டைத் தொட்டால் போதும், எழுந்து போய், "சார், ஒரு நிமிஷம். இதை ஓட்டி, நுனியைப் பாருங்கோ" என்பார். பிறகு விரலைக் காட்டுவார். கதை ஆரம்பமாகும். அவர் சொல்லும் கதையில் வாஷர் தானாக வந்து மாட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "செலின், அந்த சாரு நம்ம ஸ்டாஃபா?"

"இல்ல பாய்."

"நீ ஒரு வருஷம் விக்கறதை அவரு ஒரு மாசத்துல கெடுத்துட்டாரும்மா." சொல்லிவிட்டுக் கவுன்டரைப் பார்த்தார். ஒரு கஸ்டமர் ராகவன் சார் காட்டிய ஒயர் மாடலைக் கையில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாய் பெருமூச்சு விட்டார். "அவருக்கு ஒரு டீ சொல்லு" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி செட்டை நாங்கள் வாங்கி வைக்கவில்லை.

நான் கற்றுக்கொண்டது இதுதான். ஹாபி கஸ்டமர் வந்தால் பெட்டியைத் திறக்காதீர்கள், ஆர்.பி.எம் சொல்லாதீர்கள். மிஷினைக் குறைந்த ஸ்பீடில் ஓடவிட்டுக் கையில் கொடுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு கையில மிஷின் இருக்கும். உங்க இன்னொரு கை எங்க இருக்கும்?" வீட்டுப் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் சின்னப் பொருளை விரலால்தான் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் யோசிக்கும்போது அவர்கள் பேச்சு நின்றுவிடும். பேச்சு நின்றால்தான் பேரிங் சத்தம் காதில் விழும்.