உப்புப் போடாத கீரை

1. கார்த்திகையில் மழை விட்டதும் வீட்டுக்குப் பின்புறம் நான்கு பாத்தி போட்டேன்.
2. சிறுகீரை மூன்றாம் நாள் முளைத்தது. பத்தாம் நாள் இலை ஓரம் தீய்ந்து செத்தது.
3. வெந்தயக்கீரை இரண்டு விரல் உயரம் வந்து மஞ்சளாகிப் படுத்துவிட்டது.
4. தண்டுக்கீரை முளைக்கவே இல்லை.
5. நான்காம் பாத்தியில் நான் விதைக்காத ஒன்று வந்தது. பிடுங்கவில்லை.
6. மார்கழி முழுக்க, தையில் ஒரு வாரம், அதைப் பறித்து மேஸ்திரி வீட்டுக்குக் கொடுத்தேன்.

2005 கடைசியில் தொடங்கி, அடுத்த தை வரை நான் எழுதி வைத்த நோட்டில் இவ்வளவுதான் இருக்கிறது. வரிகளெல்லாம் சரி. ஆனால் நடந்தது அந்த வரிகளுக்கு வெளியே.

லேப் டெக்னீசியன் படிப்பை முடித்து, மரக்காணத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் முதல் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சொந்த ஊர் பிரம்மதேசம். அங்கே பாத்திரம் கழுவும் இடத்தில் நாலு விதை சிந்தினாலே கீரை வந்துவிடும். இங்கே உப்பளத்து மேஸ்திரி வீட்டின் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்தேன். சுனாமியில் கடல் உள்ளே வந்து போன அடுத்த வருடம் அது. கைப்பம்பு தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தால், காய்ந்த இடத்தில் வெள்ளையாகக் கோடு விழும். அதைப் பார்த்துக்கொண்டே அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றினேன். மழை பெய்த மண், தாங்கிக்கொள்ளும் என்று நினைத்தேன்.

மேஸ்திரிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். முப்பது வருடம் உப்பளத்தில் நின்றவர். மழைக்காலத்தில் அங்கே வேலை கிடையாது. தையில் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தும்போதுதான் மறுபடி ஆள் சேர்ப்பார்கள். அந்த மழைக்காலத்தில் அவர் ஒரு நாள் குளிக்கப் போன இடத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். ரத்த அழுத்தம் மிக அதிகம் என்றார் எங்கள் நிலையத்து டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பாட்டில் உப்புப் போடக் கூடாது என்றார். செய்தி உப்பள முதலாளிக்கும் போய்விட்டது. தையில் வேலைக்கு வருவதானால் டாக்டரிடம் கடிதம் வாங்கி வர வேண்டும், இல்லையென்றால் வேறு மேஸ்திரி போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். வெயிலில் விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்பது அவர் கவலை. மேஸ்திரிக்கு வேறு கவலை. வரப்பில் நடந்துகொண்டே தண்ணீரின் நிறத்தைப் பார்த்து எந்தப் பாத்தி எப்போது விளையும் என்று சொல்வார். அதைத் தவிர வேறு எதிலும் தனக்குப் பேர் கிடையாது என்பார்.

உப்பில்லாத சோற்றை அவர் தட்டோடு தள்ளிவிடுவார். அக்கா, அதாவது அவர் மனைவி, வாசலில் நின்று என்னிடம்தான் முறையிடுவார். "ஊருக்கே உப்பு வாரிக் குடுத்த மனுஷன், ஒரு கல்லு உப்புக்கு என் மூஞ்சியப் பாத்துக்கினு உக்காந்துகிறாரு."

அந்தச் சமயத்தில்தான் நான்காம் பாத்தியில் அந்தச் செடி வந்தது. இலை என்று சொல்ல முடியாது. பச்சைச் சீரகம் போலத் தடித்துத் தடித்து, நீர் நிறைந்து இருந்தது. களை என்று பிடுங்கப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "உமிரிம்மா அது. கீரதான். பருப்பு போட்டுக் கடஞ்சா அவ்ளோ நல்லா இருக்கும். உப்பே போட வேணாம்."

உப்பே போட வேண்டாம் என்ற அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குப் பெரிய சந்தோஷம். அவருக்கென்றே முளைத்த கீரை என்று நினைத்தேன். நான் மெஸ்ஸில் சாப்பிடுகிறவள். அதனால் பறித்ததெல்லாம் அவர்கள் வீட்டுக்கே போனது. அன்றிலிருந்து மேஸ்திரி தட்டைத் தள்ளவில்லை. இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் கையால் வளர்ந்தது ஒன்றாவது பலித்ததே என்று, காலையில் வேலைக்குப் போகுமுன் அந்தப் பாத்தியைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

செவ்வாய்க்கிழமைகளில் அவருக்கு அழுத்தம் பார்ப்பார்கள். மாத்திரைக்குக் குறைய வேண்டியது குறையவில்லை. மூன்றாம் வாரம் ஏறியிருந்தது. கால் வீங்கியது. டாக்டர் கடிதம் தர மறுத்தார். நான் ஒரு பட்டியல் போட்டேன்: அவர் சாப்பிடுவது ஒவ்வொன்றும் ஒரு வரி, எதிரே உப்புப் போட்டதா என்று ஒரு கட்டம். சோறு, இல்லை. ரசம், இல்லை. கருவாடு, நிறுத்தியாகிவிட்டது. கீரை, இல்லை. கீழே கையெழுத்துப் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்தார்.

தை பிறந்து ஒரு வாரம். கீரை பறித்துக்கொண்டே ஏதோ நினைவில் ஒரு நுனியைக் கிள்ளி வாயில் போட்டேன். கடல் தண்ணீரை வாயில் ஊற்றியது போல இருந்தது. லேபில் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. மண்ணில் இருந்த உப்பையெல்லாம் குடித்துத்தான் அது அவ்வளவு செழிப்பாக இருந்திருக்கிறது.

நேரே மேஸ்திரியிடம் போனேன். வாசலில் ஒயர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இந்தக் கீரை உப்பு என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"உப்புலயே நின்ன ஆளும்மா நானு. தெரியாமலா?"

பின்னே ஏன் சாப்பிட்டீர்கள் என்றேன்.  அவர் லேசாகச் சிரித்தார்.

"டாக்டரு போடாதன்னுதான் சொன்னாரு. நாங்க போடலயே. செவுத்துல பாரு, நீயும் கீரைக்கு உப்பு இல்லன்னு எழுதிகிற. படிச்ச பொண்ணு கையெழுத்து போட்டுகிது, சாப்புடலாம்னு சாப்ட்டேன்."

அதில் பாதி கிண்டல், எனக்குத் தெரியும். மீதிப் பாதிதான் என்னை நிற்க விடவில்லை. நாக்குக்குத் தெரிந்ததை என் எழுத்தைக் காட்டி அவர் சமாதானப்படுத்தியிருக்கிறார். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், உப்புப் போடாமலே அது எப்படி ருசியாக இருக்கிறது என்று. அதைக் கேட்க வேண்டிய படிப்பு அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது.

அன்று மாலையே பாத்தியைப் பிடுங்கினேன். அக்காவும் வந்து உட்கார்ந்து பிடுங்கினார்.  "நல்லாத்தான் வந்துது," என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

மூன்று வாரத்தில் அழுத்தம் இறங்கியது. டாக்டர் கடிதம் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு மேஸ்திரி போனபோது தரை மிதித்து முடித்து, பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டார்கள். வரப்பில் வேறு ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

நான் இப்போது திண்டிவனத்தில் வேலை செய்கிறேன். அவர் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார். கால் வீக்கம் இல்லை. உப்பு மூட்டை ஏறும் கொட்டகையில் நிழலில் உட்கார்ந்து லாரிகளைக் கவனிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். மேஸ்திரி என்றுதான் இன்னும் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். உப்பளத்தில் மேஸ்திரி வேறு ஆள்.