என் தெலுங்குக் கையெழுத்து

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. அன்றைக்குச் சத்தியவேட்டில் பஸ் ஏறி, நாகலாபுரம், புத்தூர் தாண்டித் திருப்பதி வரும்வரை பையைத் திறப்பதும், அந்தக் கடிதத்தைத் தொட்டுப் பார்ப்பதும், மூடுவதுமாக இருந்தேன். மொட்டை போடப் போகிற குடும்பம் ஒன்று பக்கத்து சீட்டில் இருந்தது. மலைக்கு ஏறும் அலிபிரிக்கு எங்கே இறங்க வேண்டும் என்று அந்த அம்மா மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் சிடுசிடுத்தேன். சாமி கும்பிடப் போகிறவளிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

ஆந்திர எல்லையில் தமிழ் பேசுகிற எங்கள் ஊருக்கு நான் சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவி. பெண்களுக்கு ஒதுக்கிய சீட்டு. வீட்டுக்காரர் நிறுத்தினார், ஊர் ஜெயிக்க வைத்தது. ஜெயித்த மறுநாளிலிருந்து அவர்தான் சர்பஞ்ச். மண்டல ஆபீசில் மீட்டிங் என்றால் இஸ்திரி போட்ட சட்டையில் அவர் கிளம்புவார். நான் டீ போட்டுக் கொடுப்பேன். காகிதங்களில் என் பெயருக்கு அவரே கையெழுத்துப் போடுகிறார் என்பது தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும், பார்த்ததில்லை, அவ்வளவுதான். மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்குச் சோம்பல் ஒரு காரணம். பயமும் உண்டு.

என்னை எழுப்பிவிட்டவள் பக்கத்து வீட்டுப் பெண். கம்பெனி வேலைக்குப் போகிறவள். ஷிப்ட் முடிந்து வரும் பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஊருக்கு ஒரு மைல், வழியில் ஒரு விளக்கு கிடையாது. பைக்கில் வந்த இரண்டு பேர் துரத்தி, ஓடி விழுந்து, முட்டியில் தையல் போட்டுக்கொண்டாள். அடுத்த கிராம சபைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டி வந்து, முன்னால் உட்கார்ந்து விளக்கு கேட்டாள். தீர்மானமும் போட்டோம். அப்புறம் அது என்ன ஆயிற்று என்று கேட்டால், வீட்டுக்காரர் "ஆவும், ஆவும்" என்பார். வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று அவள் வந்து சொன்ன அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. அவளையே தெலுங்கில் கடிதம் எழுதச் சொல்லி, தமிழில் கையெழுத்துப் போட்டு, அலமாரியில் இருந்த சர்பஞ்ச் ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் குத்தினேன். திருச்சானூர் கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திருப்பதி ஜில்லா பஞ்சாயத்து ஆபீசில் இருந்த அதிகாரி ஒரு பெண்மணி, என் வயது இருக்கும். எங்கள் ஊர் ஃபைலைப் பிரித்து, என் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, மாறி மாறிப் பார்த்தார். போன மாதமே சர்பஞ்ச் கையெழுத்தோடு ஒரு கடிதம் வந்திருக்கிறது என்று தெலுங்கில் ஆரம்பித்தார். விளக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஊர் வாசலில் ஒரு ஆர்ச் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறதாம். அந்தக் கையெழுத்து தெலுங்கில் இருக்கிறது, இது தமிழில் இருக்கிறது, இரண்டில் ஒன்று போலி என்றார்.

காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். எனக்குத் தெலுங்கில் கையெழுத்துப் போட வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது, கடைசி எழுத்துக்கு வால் வேறு. ஆர்ச்சில் என் பெயரைப் பெரிதாகப் போட வேண்டும் என்றும் நானே கேட்டிருந்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பின்னால் வந்த கோபத்தில் காது இரண்டும் சுட்டது.

எழுந்து ஜன்னல் வரை போனேன், திரும்பி வந்தேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. வாயைத் திறந்தால் வீட்டுக்காரர் தலை உருளும். திறக்காவிட்டால் ஆர்ச் வரும், அந்தப் பெண் அதைத் தாண்டி இருட்டில் நடந்து வருவாள். என் அவஸ்தை அதிகாரிக்குப் புரிந்திருக்க வேண்டும். வெள்ளைக் காகிதம் ஒன்றை என் பக்கம் தள்ளி, விளக்குக்கு வேறு கடிதம் எழுதி, பழைய மாதிரியே கையெழுத்துப் போட்டுவிடுங்கள், நான் எதையும் பார்க்கவில்லை என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். பேனாவை எடுத்தேன். அந்த வாலைக்கூட ஓரத்தில் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். என் பெயரை நானே கள்ளத்தனமாகப் போடுவதா என்று உடம்பெல்லாம் எரிந்தது.

"தமிழ்ல இருக்கறதுதாம்மா நானு," என்றேன். "அது என் வூட்டுக்காரரு."

அதிகாரி ஃபைலை மூடினார். அப்படியானால் இரண்டு கடிதமும் நிற்கும் என்றார். பழையதில் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று உங்கள் கணவர் எழுதிக் கொடுத்தால்தான் விளக்குக் கடிதம் நகரும். மேலே அவர்மீது நடவடிக்கை எடுத்தாலும் எடுப்பார்கள், உங்களையும் கேட்பார்கள். கேட்கட்டும் என்றேன்.

வராந்தாவில் நடந்துகொண்டே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். கோயிலில் கூட்டமா என்று கேட்டார். நான் எங்கே இருக்கிறேன், என்ன சொன்னேன் என்பதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். கத்துவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தேன். கத்தவில்லை.

"எழுதிக் குடுத்தா ஊர்ல என் மானம் போய்டும்," என்றார் கடைசியில்.

"குடுக்கலன்னா அந்தப் பொண்ணு இருட்டுலயே வந்துகினு இருப்பா."

வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு நடை நடந்துவிட்டேன். இந்த மூன்று வருடத்தில் எந்தக் காகிதத்தைப் பற்றியும் அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"இன்னா எழுதணும், சொல்லு," என்றார்.

"நடந்தத எழுதுங்க. கீழ உங்க பேரப் போட்டு, உங்க கையெழுத்தப் போடுங்க."