முத்தாயி கேட்ட மூன்றாவது கேள்வி

என் அம்மா முத்தாயி தேக்கா மார்க்கெட்டில் அரைத்த மசாலா விற்றவள். பள்ளிக்கூடத்துப் பக்கம் அவள் போனது மொத்தம் இரண்டே வருஷம். ஆனாலும் நான் எந்தக் கல்லூரியில் சேருவது என்று முடிவு செய்தது அவள்தான். அதற்காக நாங்கள் இருவரும் போட்ட சண்டையை, நாரிஸ் ரோட்டில் எங்கள் மாடியறைக்குக் கீழே இருந்த தையற்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாராம். பிறகு பல காலம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார்.

அம்மாவின் கடை என்றால் ஒரு பலகை மேசை, அதன்மேல் ஆறு பேசின்கள். மிளகாய், மஞ்சள், மல்லி, சீரகம், இஞ்சி, பூண்டு எல்லாம் விழுதாகக் குவிந்திருக்கும். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று யார் வந்து நின்றாலும் அவள் மூன்று கேள்விதான் கேட்பாள். மீனா, இறைச்சியா? எத்தனை பேருக்கு? வீட்டில் காரம் ஆகாதவர்கள் உண்டா? பதில் வந்ததும் ஒவ்வொரு பேசினிலிருந்தும் கொஞ்சம் வழித்து இலையில் வைத்து மடித்துக் கொடுத்துவிடுவாள். அளவு சரியில்லை என்று யாரும் திரும்பி வந்ததில்லை. உலகத்தில் எதையும் மூன்று கேள்வியில் தெரிந்துகொள்ளலாம் என்ற திமிர் அதனால் அவளுக்கு உண்டு. அந்தத் திமிரில் பாதி எனக்கும் வந்திருக்கிறது.

அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு எங்களுக்குச் சோறு போட்டவர் அம்மாவின் அண்ணன் பாலகிருஷ்ணன் மாமா. துறைமுகத்தில் கூலியாட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தார். மார்க்கெட்டில் அம்மாவுக்கு இடம் பிடித்துக் கொடுத்ததும் அவரே. நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவரிடம் அம்மா ஒரு தடவைகூட 'மாட்டேன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. மார்க்கெட்டையே வாயால் அடக்குகிறவள், அண்ணன் படியேறி வரும் சத்தம் கேட்டால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றுவிடுவாள். அந்த நிற்பைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக வரும்.

1959இல் எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று புக்கித் தீமா சாலையில் இருந்த பல்கலைக்கழகத்திலிருந்து. விஞ்ஞானம் படிக்க இடம் கொடுத்து, உதவித்தொகையும் தருவதாக எழுதியிருந்தார்கள். இன்னொன்று பேட்டர்சன் ரோட்டில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து. எனக்கு வேண்டியது முதலாவதுதான். பள்ளி ஆய்வுக்கூடத்தில் சிவந்திருந்த தண்ணீர் ஒரே சொட்டில் நிறமில்லாமல் போனதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேதியியல் பைத்தியம். பல்கலைக்கழகத்துக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

மாமா இரண்டு கடிதங்களையும் பார்த்தார்.

"பாக்கியலட்சுமிய எதுல வேணும்னாலும் சேத்துவிடு முத்தாயி. நல்ல எடம் வந்தா நிறுத்திக்கலாம்" என்றார்.

"சரிண்ணே" என்றாள் அம்மா.

அவர் போனதும் என் பக்கம் திரும்பி, "ரெண்டையும் நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். திங்கட்கிழமை கடைக்கு லீவு விட்டாள். கல்யாண வீட்டுக்குக் கட்டும் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவள் மாதிரி, ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டாள். எனக்கு மானம் போயிற்று.

பச்சை பஸ்ஸில் ஏறிப் பல்கலைக்கழகத்தில் இறங்கினோம். ஆபீஸ் பக்கம் கூட்டிப்போகலாம் என்று நான் முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். கட்டடத்தின் பின்பக்கம் தண்ணீர்க் குழாயடியில், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவரிடம் வாழைப்பழத்தைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் பெயர் சேதுபதி. அங்கே பன்னிரண்டு வருஷமாக வேலை. நான் போய்ச் சேருவதற்குள் கேள்விகள் ஆரம்பமாகிவிட்டன.

"நம்ம பொம்பளப் புள்ளைங்க இங்க படிக்குதா தம்பி?"

"இருக்குதுக்கா. கொஞ்சம்தான்."

"சேந்ததெல்லாம் முடிச்சுருச்சா?"

"படிப்பு வராம போனதுன்னு யாரும் இல்ல. நல்லாத்தான் படிக்குதுங்க."

"நடுவுல வீட்ல இருந்து வந்து கூப்பிட்டா, விட்டுருவாங்களா?"

சேதுபதி குடுவையைக் கவிழ்த்து வைத்தார். "அப்பா அம்மா ஒரு லெட்டர் குடுத்தா முடிஞ்சுது லா. போன வருசம் ஒரு புள்ள, கெட்டிக்காரி. கல்யாணம்னு வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. அது போட்டிருந்த வெள்ளக் கோட்டு இன்னும் உள்ள ஆணியில தொங்குது."

அம்மா ஜன்னல் வழியாக அந்தக் கோட்டை எட்டிப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் வரிசையாக நின்ற குடுவைகளைத்தான்.

பயிற்சிக் கல்லூரியிலும் அதே கூத்து. அங்கே அகப்பட்டவர் நடையைக் கூட்டிக்கொண்டிருந்த தங்கம் என்ற பெண். முதல் இரண்டு கேள்விகளை அம்மா சும்மா கடமைக்குக் கேட்டதுபோல் இருந்தது. மூன்றாவதுக்கு வந்தபோது தங்கம் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டாள்.

"எங்கக்கா விடறது? சேரும்போதே பாண்டு எழுதி வாங்கிருவாங்க லா. படிச்சு முடிச்சு, அஞ்சு வருசம் வேல பாத்தே ஆகணும். நடுவுல நிறுத்துனா, கையெழுத்துப் போட்டவங்க கவர்மெண்டுக்குப் பணம் கட்டணும்."

"பெத்தவ வந்து கேட்டாலுமா?"

"யாரு வந்து கேட்டாலும்தான். இங்க ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி அதுல ரொம்பக் கறாரு."

அம்மா மீதிப் பழங்களை அவளிடம் கொடுத்தாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும், "இதுலயே சேந்துக்க" என்றாள். என்னமோ மீன் மசாலா போதும், இறைச்சி மசாலா வேண்டாம் என்று சொல்வதுபோல் சொன்னாள்.

வீடு வந்து சேர்ந்தோம். கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தேன். வீட்டிலிருந்து வந்து கூப்பிட்டால் விடுவார்களா என்று இரண்டு இடத்திலும் அவள் கேட்டதுதான் எனக்கு ஆறவே இல்லை. என்னைச் சேர்ப்பதற்கு முன்பே வெளியே இழுக்க வழி பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். விடமாட்டார்கள் என்று தெரிந்தும் அந்த இடத்தையே சொல்கிறாள் என்றால், அங்கே படிக்கும்போதே மாதச் சம்பளம் வரும், அதற்காகத்தான் என்று முடிவு கட்டினேன். கோபத்தில் இருக்கிறவளுக்குக் கணக்கு எப்படியாவது சரியாக வந்துவிடும்.

"சம்பளத்துக்குத்தானே? அதைச் சொல்லிடேன்."

"அப்படியே வச்சுக்க."

"நீ ரெண்டாங்கிளாஸ். உனக்கு என்ன தெரியும்?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அம்மா அம்மிக் குழவியைக் கழுவப் போய்விட்டாள்.

அவள் கையெழுத்து இல்லாமல் இரண்டிலும் சேர முடியாது. அதனால் சேர்ந்தேன். பாண்டுப் பத்திரத்தில் பெற்றோர் இடத்தில் விரலடையாளம் வைக்குமுன், அந்தக் கறாரான கிராணியை அவள் மூன்று தடவை படித்துச் சொல்லச் சொன்னாள். அவர் விரலைத் துடைத்துக்கொண்டு வரச் சொன்னார். "இது மஞ்சக் கறைங்க, போவாது" என்று சொல்லிவிட்டு மைப் பெட்டியில் அழுத்தினாள். பத்திரத்தின் பிரதி வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று. நான் ஒன்றரை மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை.

காலையில் பள்ளியில் பாடம் நடத்துவதும், பிற்பகலில் கல்லூரியில் பாடம் கேட்பதுமாக ஒரு வருஷம் ஓடியது. பிள்ளைகள் எனக்குப் பிடித்துப்போனார்கள். பிறகு முப்பத்தொரு வருஷம் ஆசிரியையாக இருந்தேன். வேதியியல் படிக்கவில்லை என்ற வருத்தம் மட்டும் போகவில்லை, போனதாகச் சொன்னால் அது பொய்.

1960 கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். குளுவாங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருக்கும் ஒருவர், நல்ல குடும்பம், பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்றார். அறையைத் தடுத்துக் கட்டியிருந்த துணிக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன்.

"தையில முடிச்சுருவோம். அவங்களுக்குப் பொண்ணு வேலைக்குப் போறது புடிக்கல. பாக்கியலட்சுமிய நிறுத்திரச் சொல்லு."

அம்மா சுவரோரம்தான் நின்றிருப்பாள். எனக்குப் பார்க்கத் தேவையில்லை.

"சரிண்ணே" என்றாள்.

என்னைப் பெற்றவள்மேல் அந்த நேரத்தில் வந்த வெறுப்பை இன்றைக்கும் மறக்கவில்லை. பிறகு டின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"இந்தக் காயிதத்தையும் ஒரு தடவ பாத்துருங்கண்ணே. இதுல வெரல் வச்சிருக்கேன்."

மாமா என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். ஐந்து வருஷம் வேலை, நடுவில் நிறுத்தினால் கட்ட வேண்டிய தொகை, பொறுப்பு முத்தாயி.

"இதுல ஏன் வெரல வச்ச?"

"எனக்கு என்னண்ணே தெரியும்? வைக்கச் சொன்னாங்க, வச்சேன்."

கல்லூரிக் கிராணியை மூன்று தடவை படிக்கச் சொன்னவள் அவள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாமா பத்திரத்தை மடித்துக் கொடுத்தார். "அஞ்சு வருசம் எவன் காத்திருப்பான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

அம்மா தரையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இதுக்காகத்தானா அந்த காலேஜு? அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்ட என்னன்னு சொல்றது? அங்க ஒரு லெட்டர் குடுத்தா விட்டுருவாங்கன்னு அந்தத் தம்பி சொன்னாரு. அண்ணன் கேட்டா நான் குடுத்துருவேன். அதான், நானே வந்து கூப்பிட்டாலும் உன்ன விடாத எடமாப் பாத்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அவளைத் தேற்ற வேண்டும்போல் இருந்தது.

"நீ குடுத்திருக்க மாட்டம்மா."

அம்மா பத்திரத்தை டின்னுக்குள் வைத்து மூடினாள்.

"இப்பக்கூட சரிண்ணேன்னு சொன்னேன்ல. நீதான் உள்ள நின்னு கேட்டியே."