ஞானமலருக்குப் பக்கத்து இடம்

சூசைரட்ணம் ஒரு பிடிவாதக்காரன். இதை அவனுடைய முகத்துக்கு நேரே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆகவே இங்கே எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. எண்பத்தேழாம் ஆண்டிலிருந்து அவனைத் தெரியும். நோர்வேயின் வடக்குத் தொங்கலில், பாட்ஸ்பியோர்ட் என்ற ஊரில், மீன் தொழிற்சாலையொன்றில் ஒரே மேசையில் நின்று வேலை செய்தோம். அவனும் மனைவி ஞானமலரும் மன்னார்த் தீவில் பேசாலைக்காரர். மீன் பிடிக்கப் பிறந்தவனை வெட்ட விட்டிருக்கிறார்கள் என்று அவன் கத்தியோடு புறுபுறுப்பான். ஞானமலர் பக்கத்தில் நின்று மீனுக்கு முள் எடுத்துக்கொண்டே சிரிப்பாள்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தொண்ணூறுகளில் எல்லோரையும் போல ஒஸ்லோவுக்கு வந்தார்கள். நானும் மனைவியும் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கினோம். அவர்கள் ட்வெய்ட்டாவில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியோடு நின்றுவிட்டார்கள். எப்படியும் ஊருக்குத்தானே போகப்போகிறோம், இங்கே எதற்கு வீடு என்பான். அந்த ‘ஊருக்குத்தானே’ இல்லாமல் அவனுக்கு ஒரு கதையும் முடியாது. நல்லதாக ஒரு கதிரைகூட வாங்கவில்லை.

2003 மாசியில் ஞானமலர் இறந்துபோனாள். நோய் கண்டுபிடித்து ஏழு மாதம்தான். அடக்கத்துக்கு இடம் எடுக்கச் சவக்காலை அலுவலகத்துக்கு அவனோடு நானும் போனேன். அங்கிருந்த பெண் எல்லாவற்றையும் நிதானமாக எழுதிக்கொண்டு, கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். பக்கத்து இடத்தை உங்களுக்காக ஒதுக்கி வைக்கட்டுமா என்றாள்.

சூசை யோசிக்கவே இல்லை. வேண்டாம், நாங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போகிறோம் என்று நோர்வே மொழியில் சொன்னான். நான் மேசைக்குக் கீழே அவனுடைய காலைத் தட்டினேன்.

“என்னடா பிலேந்தி, தட்டுறாய்? பைபிளிலை யோசேப்பின்ரை எலும்பை எகிப்திலையிருந்து சொந்த நாட்டுக்குக் கொண்டு வரேல்லையோ? சமாதானம் வரட்டும். நானும் இவளைக் கொண்டு போவன்.”

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ‘ஒரு இடம்’ என்று எழுதினாள். நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அப்போது இலங்கையில் போர்நிறுத்தக் காலம். நோர்வேக்காரரே நடுவில் நின்று பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் எங்களில் பாதிப்பேருக்கு இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது, அதை மறைத்து என்ன பயன்?

பிறகு ஐந்து வருடம் அவன் தனியே இருந்தான். முதல் வருடம் நாங்கள் மாறி மாறிச் சாப்பிடக் கூப்பிட்டோம். அடுத்த வருடம் பெருநாட்களுக்கு மட்டும் கூப்பிட்டோம். அதன்பிறகு பிறந்தநாள் கொண்டாட்டங்களில் கடைசி மேசையில், மேற்சட்டைகள் குவித்திருக்கும் பக்கத்தில், பேப்பர்த் தட்டோடு இருப்பான். இடுப்பு நோவென்று வேலையையும் விட்டுவிட்டான். ஞாயிறு தவறாமல் பூசை கண்டு, பஸ் பிடித்துச் சவக்காலைக்குப் போவான். ஞானமலரின் கல்லறைக்கு வலதுபக்கம் நடைபாதை, இடதுபக்கம் வெறும் புல். அந்தப் புல்லில் ஒரு மடக்குக் கதிரையை விரித்து ஒரு மணித்தியாலம் இருப்பான்.

“திங்கக்கிழமை பூட்டின வாயை ஞாயிறு பூசையிலைதான் திறக்கிறன் மச்சான்” என்று ஒருமுறை சொன்னான். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2008 வைகாசியில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கர் முப்பது பேர், சுவாமியாரோடு புனித பூமிக்கு யாத்திரை போனோம். எல்லோரும் சோடி சோடியாக வந்திருந்தார்கள். சூசைக்கு மட்டும் தனி அறை, பஸ்ஸில் பக்கத்தில் ஆளில்லாத இருக்கை. அந்த இருக்கையில் எல்லோருடைய தண்ணீர்ப் போத்தல்களையும் அடுக்கியிருந்தோம்.

பெந்தக்கோஸ்து திருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை பெத்லகேமிலிருந்து எபிரோனுக்கு வெளிக்கிட்டோம். ஒரு பெரிய கொங்கிறீட் மதிலைக் காட்டி, அதற்குப் பின்னால்தான் ராகேலின் கல்லறை என்றார் சுவாமியார். ஆபிரகாமின் பேரன் யாக்கோபு ஆசைப்பட்டு, பதினாலு வருடம் மாமனிடம் உழைத்துக் கட்டின பெண். பயணத்தில் பிள்ளை பெற்றபோது இறந்துபோனாள். வழியிலேயே அடக்கம் செய்துவிட்டு அவன் நடந்தான். நாங்கள் மதிலைப் படம் எடுத்துக்கொண்டு போனோம்.

எபிரோனில் ஆபிரகாமின் குடும்பத்துக் கல்லறைக் குகைக்கு மேலே கோட்டை போல ஒரு கட்டடம் நிற்கிறது. ஒரு பாதி பள்ளிவாசல், மறுபாதி யூதரின் செபக்கூடம். இரண்டுக்கும் வெவ்வேறு வாசல், இரண்டிலும் துவக்கோடு படையினர். கிறிஸ்தவர்களாகிய நாங்கள் இரண்டு பக்கமும் போகலாம். ஆனால் ஒரு பக்கமும் எங்களுடையதல்ல. பள்ளிவாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். சூசை அதற்கு முதலே கழற்றிக் கையில் வைத்திருந்தான். பேசாலைக் கோயிலில் பழகின கால். யூதப் பக்கத்தில் ஆண்கள் தலையை மூடவேண்டும் என்று ஆளுக்கொரு சின்னத் தொப்பி தந்தார்கள். அங்கேதான் பிடிவாதம் கிளம்பியது.

“கோயிலுக்குள்ளை தொப்பியோ? என்னாலை ஏலாது.”

வாசலில் நின்ற கிழவர் தொப்பியை வாங்கி அவனுடைய தலையில் வைத்து, ஒருமுறை தட்டியும் விட்டார். சூசை தொப்பியோடு உள்ளே வந்தான்.

கல்லறைகள் பச்சைத் துணி போர்த்து, கம்பிக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தன. ஆபிரகாமின் கல்லறையை இந்தப் பக்கக் கம்பிக்குள்ளால் யூதர் பார்த்துச் செபித்தார்கள். நேரே எதிர்ப்பக்கக் கம்பிக்குள்ளால் ஒரு முஸ்லிம் பெண்ணின் முகம் தெரிந்தது. இரண்டு பகுதியாரும் ஒரே கிழவனைத்தான் பார்த்தார்கள். வெளியே வீதியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காததையும் நான் கண்டேன்.

சுவாமியார் தாழ்ந்த குரலில் சொன்னார். ஆபிரகாம் இந்த நாட்டில் அந்நியன், ஒரு அடி நிலமில்லாதவன். சாரா இறந்ததும் ஊராரிடம் போய், மனைவியை அடக்க இடம் தாருங்கள் என்று கேட்டான். சும்மா எடுத்துக்கொள் என்றார்கள். அவன் மாட்டேனென்று விலைக்கே வாங்கினான். அவனுக்கென்று இருந்த முதல் நிலம் மனைவியின் கல்லறை. பிறகு அவனையும் பிள்ளைகள் அவளோடு வைத்தார்கள். மகன் ஈசாக்கும் ரெபேக்காவும், பேரன் யாக்கோபும் அவனுடைய மூத்த மனைவி லேயாவும் அப்படியே.

சூசை சாராவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“சுவாமி, யாக்கோபு பிறகெண்டாலும் ராகேலை எடுத்துக்கொண்டு வரேல்லையோ?”

“இல்லை.”

“எலும்பைக்கூட?”

“இல்லை சூசை. அவ இப்பவும் வழியிலைதான் இருக்கிறா.”

எல்லோரும் அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார்கள். அவன் நகரவில்லை. நான் தோளைத் தொட்டபோது திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

“மச்சான், நான் ஞானத்தை வழியிலை வைச்சிட்டன்.”

வெளியே வந்ததும் அந்தப் பக்கத்து இடத்தைக் கேட்கக் கைபேசியை எடுத்து ஒஸ்லோவில் சவக்காலை அலுவலகத்துக்கு அடித்தான். நோர்வேயில் அன்று விடுமுறை, யாரும் எடுக்கவில்லை. திரும்பினதும் நேரிலேயே போய்க் கேட்போம் என்றேன். மிச்சமிருந்த நாட்களில் யோர்தான் ஆற்றையும் அவன் பார்க்கவில்லை, கலிலேயாக் கடலையும் பார்க்கவில்லை. அந்தப் புல் வெறுமையாகத்தானே கிடக்கிறது என்று என்னிடமே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். கிடக்கிறது என்று நானும் சொன்னேன்.

ஒஸ்லோவுக்குத் திரும்பிய மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவனைக் கூட்டிப்போனேன். அலுவலகத்தில் இப்போது வேறொரு இளம்பெண். கணினியைப் பார்த்தாள், ஒரு வரைபடத்தை விரித்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள். வருத்தத்தோடுதான் சொன்னாள். அந்தப் புல் வெறும் இடமில்லை. அதற்கு அடுத்த கல்லறை 2006இல் இறந்த ஒரு முதியவருடையது. அவருடைய மனைவி உயிரோடு இருக்கிறார். தன் கணவருக்குப் பக்கத்தில் தனக்கென்று அந்த இடத்தை அன்றே ஒதுக்கிவிட்டார்.

அவன் கதிரை விரித்துக் குந்தியிருந்தது இன்னொருத்தியின் இடத்தில். எனக்குக் கோபம் வந்தது. யாரோடு என்று தெரியவில்லை.

“அந்த மனிசியிட்டைக் கேட்டுப் பாப்பமே?” என்றேன்.

“அவவும் புருசனுக்குப் பக்கத்திலைதானே கேட்டிருக்கிறா. அதைப் போய் என்னெண்டு கேக்கிறது?”

அந்தப் பெண் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, இன்னும் வழி இருக்கிறது என்றாள். மனைவியின் கல்லறையிலேயே வைக்கலாம். சாம்பலென்றால் எந்த நேரமும் வைக்கலாம். சூசை வேண்டாமென்று தலையை ஆட்டினான். அவனுடைய பரம்பரையில் எல்லோரும் மண்ணுக்குள் போனவர்கள். நெருப்பு என்ற பேச்சே கிடையாது. பெட்டியோடு என்றால், முதல் அடக்கம் நடந்து இருபது வருடம் கழியவேண்டும் என்றாள் அவள்.

“2023,” என்றான் சூசை. அவனுக்கு அப்போது வயது அறுபத்துமூன்று.

திரும்பி ட்வெய்ட்டாவுக்கு வந்தோம். அடுக்குமாடிக்கு முன்னால் காரை நிறுத்தினேன். இறங்காமல் இருந்தான்.

“ஞானம் செத்த நாளிலையிருந்து ஆண்டவரிட்டை ஒண்டேயொண்டுதான் கேட்டனான். என்னையும் கெதியா எடுத்துப் போடும் எண்டு. ஒவ்வொரு நாளும் கேட்டனான் மச்சான்.”

நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இனி மாத்திக் கேக்கவேணும். பதினைஞ்சு வருசம் விடும் எண்டு.” கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். “அதுவரைக்கும் நான் ஆரோடை கதைக்கிறது, பிலேந்தி?”

இத்தனை வருடத்தில் அவன் தனக்கென்று என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் காரைப் பூட்டிவிட்டு அவனோடு ஒன்பதாம் மாடிக்குப் போனேன்.