அம்மன் தட்டில் போட்ட சோறு

எங்கள் குசினியில் அலுமினியத் தட்டுகளுக்கும் பிளாஸ்டிக் தட்டுகளுக்கும் நடுவே ஒரு பீங்கான் தட்டு இருக்கிறது. விளிம்பில் நீலக் கொடி ஓடும். ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு உடைந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிற சிலர், இவ்வளவு நல்ல தட்டைக் கண்டதோடும் போட்டு வைத்திருக்கிறீர்களே, கண்ணாடி அலுமாரியில் வைக்கலாமே என்று கேட்பார்கள். நான் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். அது அங்கேதான் கிடக்க வேண்டும் என்பது என் மதினியின் சொல். மதினி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. சொல் மட்டும் நிற்கிறது.

முன்பு அந்தத் தட்டு இருந்த இடமே வேறு. கொஸ்லந்தைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், முன் அறையான காம்பராவில், சாமிப் படங்களுக்குக் கீழே அண்ணன் ஒரு பலகை அடித்திருந்தார். அதில் மஞ்சள் துணி விரித்துத் தட்டைக் கவிழ்த்து வைத்திருப்பார் மதினி. மாரியம்மனுக்குப் படையல் போடும் தட்டு அது. ஆடி வெள்ளியிலும் பொங்கலிலும் திருவிழாவிலும்தான் கீழே இறங்கும். படைத்த சோற்றை வேறு தட்டுக்கு மாற்றித்தான் நாங்கள் சாப்பிடுவோமே தவிர, அதில் வீட்டு மனிதர் யாரும் கைவைத்தது கிடையாது. கறி மீன் அதன் பக்கம் போகக் கூடாது. புளி போட்டுத் தனியாகத் தேய்த்து, தனியாகக் காயவைத்து, மறுபடி பலகையில் ஏற்றிவிடுவார். மதினிக்கு எழுத்து வாசனை அவ்வளவாகக் கிடையாது. ஆனால் அம்மன் காரியத்தில் ஒரு பிசகு வராது.

சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலம். வெள்ளைக்காரர்கள் மறுபடியும் எல்ல ஊர்ப் பக்கமும் எங்கள் பக்கமும் வரத் தொடங்கியிருந்தார்கள். அப்படி வந்ததுதான் அந்தப் பிள்ளை. ஜெர்மனியில் படிக்கிற பெண்பிள்ளை. படிப்பை நிறுத்திவைத்துவிட்டு, முதுகில் பெரிய பையோடு இந்தியாவை ஊர் ஊராகச் சுற்றி முடித்து, இலங்கையையும் பார்க்க வந்திருந்தது. தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்க இறங்கிய அன்று மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் இரண்டு பக்கமும் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் படிப்பித்த யாழ்ப்பாணத்து மாஸ்டருக்குத்தான் இங்கிலீஷ் வரும். ஆனால் அவர் இருந்ததோ ஒற்றை அறையில். அண்ணன் கங்காணி என்பதால் எங்களுக்குக் காம்பரா ஒன்று கூடுதலாக இருந்தது. மாஸ்டர் பிள்ளையை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

அன்று பொழுது சாய்ந்த நேரம், மழை தகரத்தில் அடிக்க, எல்லாரும் முன் காம்பராவில் கூடியிருந்தோம். அந்தப் பிள்ளை இந்தியாவில் பார்த்ததையும் தின்றதையும் சொல்லச் சொல்ல, மாஸ்டர் எங்களுக்குச் சொன்னார். மதுரையில் ரோட்டோரக் கடையில் பரோட்டா தட்டுகிறவரின் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டதாம். ரயிலில் ஒரு குடும்பம் டப்பாவிலிருந்து புளிச்சோற்றை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்ததாம். அவர்களுக்குப் பேச்சு புரியவில்லை, தனக்கும் புரியவில்லை, ஆனால் இறங்கும்வரை தின்றுகொண்டே வந்தார்களாம். பிறகு திருச்சிக்குப் போனதைச் சொன்னது. அங்கிருந்து சமயபுரம் போய், கூட்டத்தோடு கூட்டமாக நின்று அம்மனைப் பார்த்ததாம்.

சமயபுரம் என்ற பெயர் காதில் விழுந்ததும் மதினி எழுந்துவிட்டார். எங்கள் பாட்டனார் கப்பலேறியது அந்தப் பக்கத்திலிருந்துதான். எங்கள் தோட்டத்துக் கோயிலில் இருப்பவளும் அந்தச் சமயபுரத்தாள்தான் என்பார்கள், அங்கேயிருந்து பிடிமண் கொண்டுவந்து வைத்தார்களாம். எங்களில் ஒருவரும் அவளை அவள் ஊரில் பார்த்ததில்லை. மதினி அந்தப் பிள்ளையின் முன்னால் போய், அம்மனைப் பார்த்த அதன் இரண்டு கண்ணையும் விரலால் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது திகைத்துப்போய்ச் சிரித்தது. மதினி நேரே பலகைக்குப் போய் அம்மன் தட்டை எடுத்தார்.

அண்ணனுக்கு வியப்பு. "கட்டுன புருஷன் எனக்கு ஒரு நாளாவது அந்தத் தட்டுல போட்டிருக்கியா?" என்று கேட்டார்.

"நீங்க சமயபுரத்தயா பாத்துட்டு வந்தீங்க? பண்டாரவளைக்குப் போயி சாராயக் கடையப் பாத்துட்டுல வந்தீங்க" என்றார் மதினி. மாஸ்டர்கூடச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு என்ன காரணம் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. இன்று நினைத்தால் எனக்கு முதலில் அதுதான் உறைக்கிறது.

ரோடு திறக்கும்வரை அந்தப் பிள்ளைக்கு அந்தத் தட்டில்தான் சாப்பாடு. அம்மன் தட்டு ஆனதால் சைவம் மட்டும். பொங்கலுக்கென்று எடுத்துவைத்திருந்த பச்சரிசியை வடித்து, பருப்பும் நெய்யும் விட்டு, அப்பளம் பொரித்து, சாமிப் படத்துக்குக் கீழே பாய் விரித்துத் தனியாக உட்கார வைப்பார். தட்டோடு ஒரு தனி டம்ளர். அது சாப்பிட்டு எழும்பும்வரை வீட்டில் ஒருவர் வாயிலும் ஒரு பருக்கை போகாது. நாங்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு குசினிக்குள் போய் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, கோதுமை ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டசம்பலும் சுட்ட கருவாடுமாக, ஆளுக்கு ஆள் பறித்துக்கொண்டு தின்போம். மதினி அதன் தட்டையும் டம்ளரையும் எங்கள் பாத்திரத்தோடு சேர்க்காமல் தனியாகக் கழுவி வைப்பார். பகலில் மழை விட்ட நேரம் நான் அந்தப் பிள்ளையை நீர்வீழ்ச்சிக்கும் தேயிலை மலைக்கும் கூட்டிப்போவேன். ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நிற்கிற பெண்களைப் பார்க்கும், கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டு முகத்தைச் சுளிக்கும். வெளியில் அப்படிக் கலகலப்பாக இருக்கிற பிள்ளை, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஒடுங்கிப்போகும். ஒரு தரம் கருவாட்டு வாசனைக்குக் குசினி வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தது. "அது நம்ம திங்கிறது தாயி, ஒனக்கு வேணாம்" என்று மதினி பதறிப்போய் முன் காம்பராவுக்குத் திருப்பிவிட்டார். சாப்பிட்டதும் தெரிந்த தமிழில் "போதும், நல்லா இருக்கு" என்று சொல்லும். மதினிக்கு அது போதுமாக இருந்தது. தோட்டத்துக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

ரோடு திறந்த அன்று காலைச் சாப்பாடு முடிந்ததும், அந்தப் பிள்ளை தன் தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் போய்விட்டது. சோப்புப் போட்டுக் கழுவியது. திரும்பி வந்து, தான் உட்கார்ந்த பாயைச் சுருட்டி, அந்தத் தரையைத் தன் துண்டை நனைத்துத் துடைத்தது. மறுபடியும் பீலிக்குப் போய்த் தட்டை இன்னொரு தரம் கழுவியபோதுதான் மதினி கண்டார்.

"ஐயோ சாமி, விருந்தாளி கழுவக் கூடாது. குடு தாயி" என்று ஓடிப்போய்ப் பிடுங்கினார். அது விடவில்லை. இருவர் கையிலும் இழுபட்ட தட்டு பீலிக் கல்லில் பட்டுச் சில்லு தெறித்தது. அம்மன் தட்டு உடைந்ததில் மதினியின் முகம் வெளிறிவிட்டது. அந்தப் பிள்ளை அந்த முகத்தைப் பார்த்தது. "சாரி, சாரி" என்று கையை எடுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டது. மறைத்த அந்தக் கை இன்னமும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

மாஸ்டர் அந்தப் பிள்ளையைப் பண்டாரவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு மத்தியானம் வந்தார். மதினி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் வாசலிலேயே நின்றார்.

"அந்தப் பிள்ளை என்னட்டை ஒண்டு கேட்டது. இந்தியாவிலை ஒரு தேத்தண்ணிக் கடையிலை சில சனத்துக்கு வேறை கிளாஸ் வைச்சிருந்ததைக் கண்டதாம். குடிச்சிட்டு அவையே கழுவி வைக்க வேணுமாம். இஞ்சையும் தனக்கு வேறை தட்டு, வேறை கழுவல், ஒருத்தரும் கூட இருந்து சாப்பிடேல்லை. தன்னைத் தீட்டெண்டு நினைச்சினமோ எண்டு கேட்டது."

"நீங்க என்னா சொன்னீங்க, மாஸ்டர்?" என்று நான் கேட்டேன்.

"எனக்கு உங்கடை வழக்கம் என்ன தெரியும்? அப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சுப் பேசாமல் இருந்திட்டன்."

அப்போதுதான் அது அம்மன் தட்டு என்பதும் அந்தத் தனிக் கழுவலின் அர்த்தமும் மாஸ்டருக்கே தெரியவில்லை என்று விளங்கியது. அவர் சிரித்தது மதினியின் சாராயக் கடைப் பேச்சுக்கு மட்டும்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த மனுஷன் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். பஸ் போய்விட்டது. அந்தப் பிள்ளையின் விலாசம் யாரிடமும் இல்லை. மதினி சுளகைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து ஒன்று சொன்னார்.

"அந்தக் கிளாசுக்குப் பயந்துதானே தம்பி நம்ம பாட்டன் பூட்டன் கப்பலேறுனாங்க. கடைசில நம்ம வீட்லயே ஒரு புள்ள அப்பிடி நெனச்சுக்கிட்டுப் போயிருச்சே."

அன்றைக்கே தட்டைப் பலகையிலிருந்து எடுத்துக் குசினித் தட்டுகளோடு போட்டார். உடைந்த தட்டானாலும் அம்மன் தட்டாச்சே, ஆற்றில் விடலாம் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார்.

"ஆத்தா கோவிச்சா என்னையக் கேக்கட்டும். இனிமே இது எல்லாத் தட்டோடயும் கெடக்கட்டும், எல்லாத் தட்டோடயும் கழுவட்டும். அந்தப் புள்ள திரும்பி வந்தா இதுலயே கருவாடு போட்டு எம் பக்கத்துல உக்கார வைக்கணும்" என்றார்.

நான் கோயில் காரியம் பார்க்கிறவன். அம்மன் தட்டை விருந்தாளிக்கு வைத்தது தப்பென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அவள் சந்தோஷப்பட்டுத்தான் இருப்பாள். ஆனால் நம் மனதில் இருக்கிற பக்தி தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? உயர்த்தித் தனியாக வைத்தாலும் தாழ்த்தித் தனியாக வைத்தாலும், தனியாக உட்கார்ந்து தின்கிறவருக்குச் சோறு ஒரே மாதிரித்தான் இறங்கும் போலிருக்கிறது.

மதினி மாஸ்டரிடம் கேட்டு, எங்களோடு வந்து சாப்பிடு என்பதை இங்கிலீஷில் பாடமாக்கிக்கொண்டார். கொழுந்து பறிக்கும்போதுகூட முணுமுணுப்பார். நீர்வீழ்ச்சிக்கு வருகிற வெள்ளைக்காரப் பெண்களைப் பார்த்தால் ரோடுவரை இறங்கிப்போய், முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு அதைச் சொல்வார். சிலர் காசு கேட்கிறார் என்று நினைத்துக் காசை நீட்டினார்கள். வாங்காமல் திரும்பி வந்துவிடுவார். அந்தப் பிள்ளை வரவேயில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி நாட்களிலும், வெள்ளை உடுப்போடு யாராவது கட்டிலைக் கடந்தால் அந்தப் பிள்ளையோ என்று தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

இப்போது என் மகள் எல்லயில் ஒரு விடுதியில் சமைக்கிறாள். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். வெள்ளைக்காரப் பிள்ளைகள் குசினித் தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவி, ரொட்டியைக் கருக்கிவிட்டு, அதையே கட்டசம்பலோடு பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மகளும் அவர்களோடு தரையில் இருந்து தின்றாள். இவ்வளவுதான் வேண்டியிருந்தது. நான் வாசலிலேயே நின்றேன், உள்ளே போக மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் நானே பாத்திரம் கழுவினேன். அந்தப் பீங்கான் தட்டில் இரவு யாரோ கருவாட்டுக் குழம்பு தின்றிருந்தார்கள். எண்ணெய் ஒட்டியிருந்தது. அதைத் தனியாக எடுக்கக் கை தானாகப் போனது. எடுக்கவில்லை. எல்லாத் தட்டோடும் சேர்த்துக் கழுவி, சில்லு உடைந்த பக்கம் வெளியே தெரிய, நடுவில் அடுக்கிவைத்தேன்.